ஜோடியாக வெட்டிய காற்றாடி

என் மனைவியின் பெயரில் ஐந்து மாதம் நான் துணி வெட்டினேன். அது எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்கிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. வேறு யாராவது சொன்னால் என்னை இன்னும் மட்டமாகச் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். சாம்பிள் ரூம். ஆர்டர் கொடுக்கிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கிற முதல் ஜோடி அங்கேதான் தயாராகும். மற்ற இடத்தில் அச்சை வைத்து மிஷினில் அடித்து வெட்டுவார்கள். எங்களுக்கு அட்டையும் கத்தியும்தான். அட்டையைத் தோல்மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிக் கத்தியை ஓட்டவேண்டும். என் கத்தி ஒரு நூல்கூட விலகாது என்று மானேஜரே சொல்வார். போன வருடம் வேலையிலிருந்து நின்றேன். அதற்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் பாராட்டவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது தேவைப்படும்.

என் மனைவியும் அதே கம்பெனியில் சில வருடம் தையலில் இருந்தவள்தான். இரண்டாவது பெண் பிறந்ததும் நின்றுவிட்டாள். தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். பெண்கள் கல்யாணமாகிப் போன பிறகு அதையும் நிறுத்திவிட்டு, ஆறு வருடமாகத் தன் சந்தோஷத்துக்கு மட்டும் தைக்கிறாள். ஒட்டுப்போர்வை. அவளும் அவள் கூட்டாளிகளும் குவில்ட் என்பார்கள். பழைய துணிகளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அதற்கு அடியில் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, அதற்கும் அடியில் ஒரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற வேலை.

முதல் போர்வையைப் பார்த்தபோது நான் சும்மா இருக்கவில்லை.

"நல்லா இருக்கிற துணிய எதுக்கு வெட்டுற, அப்பால எதுக்கு ஒட்டுற?" என்று கேட்டேன்.

"நீங்க முப்பது வருஷமா மாட்டுத் தோல வெட்டி வெட்டி ஒட்டக் குடுத்தீங்களே, அது இன்னாத்துக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர்கள் மொத்தம் ஏழு பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் கூடுவார்கள். டீச்சர் ரிட்டயர் ஆனவர். குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா வருவார், அவர்கள் வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. பேரணாம்பட்டு பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கராக இருக்கிற ஒரு பெண் வருவாள். நாள் முழுக்க ஷூக்களைத் தூக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் தொழில். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மற்ற மூன்று பேரும் நல்லவர்கள், இந்த விஷயத்தில் அவர்களுக்கு வேலை இல்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். அடுத்த மாதத்துக்கு என்ன வடிவம் என்று பேசி முடிவு செய்வார்கள். ஏழு துணியையும் என் மனைவி வீட்டுக்கு எடுத்து வந்து அந்த வடிவத்தில் வெட்டி, அடுத்த முறை எடுத்துப்போய்ச் சரிசமமாகப் பிரித்துக் கொடுப்பாள். ஆக ஏழு வீட்டுப் போர்வையிலும் ஏழு வீட்டுத் துணியும் இருக்கும். வெட்டுகிற வேலை அவளுக்குத்தான் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. அவள் வெட்டினால் மூலைக்கு மூலை சேரும், மற்றவர்கள் வெட்டினால் சேராது, அவ்வளவுதான். அந்த மாடியில் படித்தவர்கள் இருக்கிறார்கள், வசதியானவர்கள் இருக்கிறார்கள். கத்திரிக்கோல் விஷயத்தில் எல்லாரும் என் மனைவி முகத்தைத்தான் பார்ப்பார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

அப்படியிருக்கும்போது அவளுக்குக் கை வலி வந்தது. வலது கை. கத்திரிக்கோலைப் பிடித்து அழுத்தினால் உயிர் போகிறது என்றாள். மிஷினில் துணியைத் தள்ளலாம், ஊசி கோக்கலாம், கத்திரிக்கோல் மட்டும் முடியாது. டாக்டர் மணிக்கட்டைச் சுற்றிப் போட ஒரு பட்டை கொடுத்து, அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். பட்டையை அவள் வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள். வேலூர் போகும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுவாள்.

"சொல்லிடேன் அவங்களாண்ட," என்றேன்.

"சொன்னா 'பரவால்ல அக்கா, நீங்க உக்காருங்க'ம்பாங்க. உக்கார்றதுக்கா நான் அங்க போறேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஒரு தடவ நீங்க வெட்டிக் குடுங்க. அப்பால சரியாய்டும்" என்றாள்.

சரியாகவில்லை. அந்த ஒரு தடவை நான்கு தடவை ஆனது. நான்கு மாதமும் அவர்கள் கேட்டது சதுரம், நீள்சதுரம், சதுரத்தைக் குறுக்கே இரண்டாக்கின முக்கோணம். தோலில் முப்பது வருடம் வளைவும் நெளிவும் வெட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு, துணிக்கு அடியில் பழைய ரப்பர் பலகையைப் போட்டு, என்னுடைய கத்தியாலேயே வெட்டினேன். கத்திரிக்கோலைவிடச் சுத்தமாக வந்தது.

வேலூரிலிருந்து அவள் திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பேன், "இன்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"நல்லா இருக்குன்னா? எப்படிச் சொன்னாங்க?"

"முன்னவிட ஃபைனா இருக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க. போதுமா?"

போதும். அன்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு சேர்த்தே இறங்கும். அவள் அதைச் சொல்கிறபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வாள் என்பதை நான் கவனித்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் காற்றாடி வந்தது. திருவிழாவில் பிள்ளைகள் குச்சியில் பிடித்துக்கொண்டு ஓடும் காகிதக் காற்றாடியைப் பார்த்திருப்பீர்கள். அதே வடிவத்தைத் துணியில் தைக்கவேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். ஒரு காற்றாடிக்கு நான்கு இறக்கை. ஒவ்வொரு இறக்கையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அது சுற்றுகிற மாதிரி இருக்கும்.

அந்த முறை டீச்சர் கொடுத்திருந்தது ஒரு பூப்போட்ட பருத்திச் சேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வகுப்புக்குள் கட்டிக்கொண்டு போன சேலையாம். பாதிக்கு மேல் நைந்துபோய், நல்ல பாகம் ஒன்றரை மீட்டர்தான் மிஞ்சியிருந்தது. "ஆளுக்கு ரெண்டு காத்தாடி வர்ற மாதிரி பாத்துக்கோம்மா, இதுக்கு மேல துணி இல்ல" என்று சொல்லிக் கொடுத்தாராம். ஏழு பேருக்குப் பதினான்கு காற்றாடி. ஐம்பத்தாறு இறக்கை.

அந்தச் சமயம் பெரிய பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று என் மனைவி திருப்பத்தூர் போய்விட்டாள். பத்து நாள் அங்கேயே இருந்தாள். வீட்டில் நானும் துணியும்தான். அட்டையைச் செய்து, டீச்சர் சேலையைப் பலகைமேல் விரித்து, முதல் இறக்கையை வெட்டினேன். அடுத்ததுக்கு அட்டையைக் கவிழ்த்துப் போட்டேன்.

ஏன் கவிழ்த்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கை கவிழ்த்தது. ஷூவில் எந்தத் துண்டையும் ஒற்றையாக வெட்ட முடியாது. இடது காலுக்கு ஒன்று வெட்டினால் வலது காலுக்கு அட்டையைக் கவிழ்த்து ஒன்று. இடது, வலது, இடது, வலது. முப்பது வருடம் அப்படித்தான். அதோடு, கவிழ்த்துப் போட்டபோது சாய்வோடு சாய்வு அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. நடுவில் துளி இடம் வீணாகவில்லை. ஐம்பத்தாறும் வெட்டி முடித்தபோது மிஞ்சின துணி ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. ஆகா, இதைப் பார்க்க சாம்பிள் ரூம் ஆள் ஒருத்தன்கூடப் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. மற்ற ஆறு துணியையும் அதே மாதிரி வெட்டி, கட்டுக் கட்டாக நூல் சுற்றி வைத்தேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பத்தூரிலிருந்து நேராக வேலூருக்கே வந்துவிட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தேன். ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. "சரியா வெட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "வந்து பாரு, அசந்துபோவாங்க" என்றேன். அன்றைக்கு நானும் கூடவே போனேன். அசந்துபோவதை நேரில் கேட்கவேண்டும் என்ற ஆசை.

ஆண்பிள்ளைகளுக்கு மாடியில் இடம் கிடையாது. கீழே டீச்சரின் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், காதெல்லாம் மேலே. முதலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பிறகு சத்தம் குறைந்தது. பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. ஏழு பெண்கள் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒருவேளை அசந்துதான் போய்விட்டார்களோ என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

"அண்ணா, கொஞ்சம் மேல வாங்க" என்று செக்கர் பெண் படியிலிருந்து கூப்பிட்டாள்.

போனேன். பாயில் துண்டுகள் பரப்பியிருந்தன. செக்கர் இரண்டு கையிலும் ஒவ்வொரு இறக்கையை எடுத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை வைக்கிற மாதிரி சேர்த்துக் காட்டினாள். ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மற்றது அந்தப் பக்கம்.

"லெஃப்ட்டு, ரைட்டு," என்றாள். "ஜோடி கரெக்டா இருக்குதுண்ணா. எத்தினி நம்பர் ஷூ இது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஷூ கம்பெனியில் இருக்கிறவள், பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணி வெட்டிப் பழகின கை இப்படி வெட்டாது, தோல் வெட்டின கைதான் வெட்டும்.

என் மனைவி சிரிக்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் வெட்டல. அஞ்சு மாசமா எதையும் நான் வெட்டல. கத்திரிக்கோல் புடிக்க முடியல எனக்கு."

எனக்குத் தரையில் புதைந்துபோகலாம் போல இருந்தது. குடியாத்தம் அக்காதான் முதலில் பேசினார். தன்னுடைய லுங்கித் துணித் துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டார். "எங்கள்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். திருப்பிப் போட்டா சாய்வு சரியாய்டும். இதுக்கு இன்னா பேஜாரு?" என்றார். மற்ற துணிகளும் ஏறக்குறைய அப்படித்தான். டீச்சர் சேலைதான் சிக்கல். அதற்கு முன்பக்கம் பூ, பின்பக்கம் வெளிறிப்போன சாயம். திருப்ப முடியாது. பாதி இறக்கை தப்புப் பக்கம்.

டீச்சர் அந்தத் துண்டுகளைப் பார்க்கவே இல்லை. என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலை கெடக்குது," என்றார். "அஞ்சு மாசமா மாசா மாசம் என் எதிர்ல உக்காந்திருக்க. நான் 'உன் கை கைதாம்மா'ன்னு சொல்றேன், நீ சிரிக்கிற. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா?"

என் மனைவி அழுதாள். சத்தம் போட்டு இல்லை. முந்தானையை எடுக்க வலது கையைத் தூக்கி, வலித்து, இடது கையால் எடுத்துத் துடைத்துக்கொண்டாள். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

இதற்குள் செக்கர் தரையில் உட்கார்ந்து டீச்சர் சேலைத் துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்திருந்தாள். "டீச்சர், இது இருபத்தெட்டு, அது இருபத்தெட்டு. இந்தப் பக்கம் சுத்துற காத்தாடி ஏழு வரும், அந்தப் பக்கம் சுத்துறது ஏழு வரும். ஆளுக்கு ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. ஒரு துண்டுகூட வேஸ்ட் இல்ல" என்றாள். நான்கை எடுத்து வைத்துக் காட்டினாள், எதிர்ப்பக்கம் இன்னொரு நான்கு. நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், எல்லாம் ஒரே பக்கம் சுற்றுவதைவிட நன்றாக இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது. "பாத்தீங்களா? ஜோடியா வெட்டினதாலதான் இது வந்தது" என்றேன். எல்லாரும் துண்டுகளைப் பக்கம் பிரிப்பதில் குனிந்துவிட்டார்கள். நான் கீழே இறங்கிப் போய்க் கிரிக்கெட் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம். பள்ளிகொண்டா தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் கெட்டுப்போவலியே. எதுக்கு இப்படி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க?"

"ஒண்ணும் கெட்டுப்போவல."

"அடுத்த மாசத்துலருந்து மறைக்கவும் தேவல்ல. நானே வந்து வெட்டிக் குடுத்துர்றேன். எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே."

அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "நான் உங்களாண்ட வேலையத்தான் குடுத்தேன். நீங்க என் எடத்தையே எடுத்துக்கினீங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பஸ் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். யாருக்காக வெட்டினேன்? முதுகு ஒடிய உட்கார்ந்து யாருடைய மானத்தைக் காப்பாற்றினேன்? நன்றி வேண்டாம், இந்தப் பேச்சாவது பேசாமல் இருக்கலாமே? முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் நான் முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"அஞ்சு தடவ வெட்டினீங்க," என்றாள், மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் நான் வந்ததும் 'இன்னா சொன்னாங்க'ன்னு கேட்டீங்க. கை எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

கேட்டிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டதாக ஞாபகம் வரவில்லை. மாதனூர், அதற்கப்புறம் ஆம்பூர், இறங்கி வீட்டுக்கு நடக்கிறவரை யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

இரண்டு நாள் நான் பேசவில்லை. கோபம் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள்தான் அது கோபம் இல்லை, வெட்கம் என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகும் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. நம்மைப் போன்ற ஆட்களுக்கு இதெல்லாம் சட்டென்று வந்துவிடாது.

அடுத்த மாதம் அவள் கையில் பட்டையைப் போட்டுக்கொண்டே வேலூருக்குக் கிளம்பினாள். பை கனம் என்பதால் நான் தூக்கிக்கொண்டு போனேன். கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொள்ளவில்லை, அவள் எடுக்கச் சொல்லவும் இல்லை. மாடிக்குப் பையைக் கொண்டுபோய் வைத்தபோது பார்த்தேன். ஏற்பாடு மாறியிருந்தது. துணியை விரித்து, ஸ்கேலை வைத்து, சாக்பீஸால் கோடு போடுவது அவள். அந்தக் கோட்டிலேயே வெட்டுவது மற்ற ஆறு பேர். எல்லாம் அங்கேயே, எல்லார் எதிரிலும். டீச்சர் கோட்டைவிட்டு விலகிப் போனார். "டீச்சர், கோடு எதுக்குப் போட்டிருக்குது?" என்று என் மனைவி அதட்டினாள். டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள், இந்த முறை அவளும்.

நான் கீழே வந்து உட்கார்ந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வருத்தமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. மேலே ஆறு கத்திரிக்கோல் ஓடுகிற சத்தம் கேட்டது. அதில் ஒன்றுகூட நேராக ஓடாது என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்ச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கால் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள். நான் கேட்டேன்.

"கை எப்படி இருக்கு?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று முதலில் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பட்டையைக் கழற்றினாள்.

"வலிக்குது" என்றாள்.

வலிக்குத் தேய்க்கிற மருந்தை எடுத்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டில் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் தேய்க்க விட்டாள்.

"அங்க இல்லங்க" என்றாள். என் விரலைப் பிடித்துத் தூக்கி, தன் கட்டைவிரல் அடியில், உள்ளங்கை தொடங்குகிற இடத்தில் வைத்தாள். "இங்க."

ஆறு மாதமாக அவளுக்கு வலித்தது அந்த இடத்தில்தான். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.